நான்கரைக் கிளை வெப்பம்

மூட்டுத் தேய்மானத் தோல் வெப்ப ஆய்வு நிலையத்தின் வாசலில், ஆள் உயரக் கல்லில் ஒரு வாசகம் செதுக்கியிருந்தார்கள்: "வலி என்பது கருத்து. வெப்பமே உண்மை." அந்தக் கல்லை அடையப் பதினோரு படி ஏற வேண்டும். மூட்டு தேய்ந்தவர்கள் வந்துபோகும் இடத்துக்கு எதற்குப் பதினோரு படி என்று யாராவது கேட்டால், காவலாளி பொறுமையாக விளக்குவார்.

"ஏறி வர்றவங்களைத்தான் உள்ள சோதிப்பாங்க."

"ஏற முடியாதவங்க?"

"அவங்களுக்குச் சோதனை எதுக்கு? பாத்தாலே தெரியுதே."

டைல்ஸ்காரர் அந்தப் படிகளை நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினார். பின்னால் அவர் மனைவி தையலம்மா, அவர் விழுந்தால் பிடிக்கவும், பிடிக்க முடியாவிட்டால் கூடவே விழவும் தயாராக வந்தார். நாற்பது வருடம் முட்டி போட்டுத் தரைக்கு டைல்ஸ் பதித்த மனிதர் அவர். அந்த ஊரின் பெரிய கட்டடங்களில் அவர் முட்டி படாத தரை குறைவு. தையலம்மா அதே நாற்பது வருடம் சட்டை தைத்தவர். காஜா எடுக்கும் மிஷினில் வலது கையின் நடுவிரலில் பாதியைப் பறிகொடுத்த பிறகும், மறுநாளே மீதி நான்கரை விரலோடு வேலைக்குப் போனவர்.

அவர்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. தொண்ணூறு படி. லிஃப்ட் கதவில் "தற்காலிகமாக இயங்காது" என்ற பலகை பதினோரு வருடமாகத் தொங்கியது. பலகை பழசானால் மட்டும் உடனே புதுசு மாட்டிவிடுவார்கள். டைல்ஸ்காரர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். அதற்காகத் தையலம்மா அவருடைய எல்லாக் கால்சட்டைகளுக்கும் பின்பக்கம் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தார். இப்போது அதே கட்டடத்தில் தரைத்தள வீடு ஒன்று காலியாகியிருந்தது. முதலில் கேட்டது இவர்கள்தான். ஆனால் முட்டிவலி இருப்பதாக நிலையத்தின் சான்றிதழ் வேண்டும் என்று வீட்டுவசதி அலுவலகம் எழுதியிருந்தது. மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் வராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு வீடு போய்விடும். அடுத்தவர் இரண்டாவது மாடிக்காரர். மாடியிலிருந்து தபால் எடுக்கக் குதித்துக் குதித்து இறங்குகிறவர்.

"வலிக்குதுன்னு நானே எழுதிக் கொடுத்தா போதாதா?" என்று டைல்ஸ்காரர் கேட்டார்.

"போதாது," என்றாள் வரவேற்பில் இருந்த கேமராப் பெண். அவள்தான் வெப்பக் கேமராவையும் இயக்குகிறவள். "எல்லாரும் வலிக்குதுன்னுதான் சொல்றாங்க ஐயா. அதனால அது கணக்குல வராது."

அவள் விதிகள் அச்சிட்ட தாளை நீட்டினாள். சோதனைக்கு முன் காபி கூடாது. களிம்பு கூடாது. கால்மேல் கால் கூடாது. முழங்காலை ஆடையோ, நாற்காலியோ, பங்கேற்பாளரின் கையோ தொடக் கூடாது. கோபம், சிரிப்பு, பழைய ஞாபகம் ஆகியவை தோலின் வெப்பத்தை மாற்றும் என்பதால் தவிர்க்கவும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். துணைவர் சோதனையில் சேர்த்தியில்லை.

பிறகு அவருக்கு எண் போட்ட அரைக்கால் சட்டை ஒன்றைக் கொடுத்து, ஆறும் அறையில் உட்கார வைத்தாள். அங்கே சரியாக இருபத்திரண்டு டிகிரி. வெளியிலிருந்து கொண்டுவந்த வெப்பத்தையெல்லாம் விட்டுவிட்டு, தோல் அதன் சொந்த நிலைக்கு வர இருபது நிமிடம் ஆகும். சுவரோரமாகப் பதினைந்து கிழவர்களும் கிழவிகளும் முட்டி தெரிய உட்கார்ந்து, எதையும் ஞாபகப்படுத்திக்கொள்ளாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார். அவருக்கு உடனே பழைய ஞாபகம் வந்துவிட்டது.

"இது நான் போட்ட தரைம்மா."

"ஞாபகப்படுத்தாதீங்க. சூடாயிடும்."

"அந்த மூலைல பாரு, ஒண்ணு அரை நூல் தூக்கி நிக்குது. கான்ட்ராக்டர் அவசரப்படுத்தினான். ரசமட்டம் வெச்சுப் பாக்க விடல."

"முட்டி போனது இந்தத் தரைலதானா?"

"பாதி இங்க. மீதி கோர்ட்டுத் தரைல."

பத்தாவது நிமிடத்தில் இடது முட்டி குத்த ஆரம்பித்தது. கையைக் கொண்டுபோனார். தையலம்மா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உங்களைத்தான் தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு. நான்தான் சேர்த்தியே இல்லையே."

சொல்லிவிட்டு, தன் வலது உள்ளங்கையை அவர் முழங்காலின் மேல் பரப்பி வைத்து அழுத்தினார். தினமும் தூங்குமுன் செய்வதுதான். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

கேமராவுக்கு முன் டைல்ஸ்காரர் நின்றார். திரையில் அவர் கால்கள் நீலமும் பச்சையுமாகத் தெரிந்தன. இடது முழங்காலில் மட்டும் ஐந்து சிவப்புக் கிளைகள் விரிந்திருந்தன. நடுக்கிளை பாதியிலேயே நின்றுவிட்டது.

கேமராப் பெண் திரையைப் பார்த்தாள். வாசலில் நின்ற தையலம்மாவின் கையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். வாயைத் திறக்கப்போன நேரத்தில் இயக்குநர் உள்ளே வந்துவிட்டார்.

இயக்குநர் கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர். திரைக்கு முன்னால் அவர் நீண்ட நேரம் நின்றார்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார் கடைசியில். "இருபத்திரண்டு வருஷம் இதுக்காகக் காத்திருந்தேன்."

"சார்," என்றார் டைல்ஸ்காரர், "அது என் சம்சாரம் கை."

இயக்குநர் அவரை அன்போடு பார்த்தார். "நோயாளிகள் இப்படித்தான் எளிமையா யோசிப்பாங்க. அது அவங்க தப்பில்ல." கேமராப் பெண்ணிடம் திரும்பினார். "பதினாலாவது கட்டத்துல எழுதிக்கோங்க."

படிவத்தில் பதினான்காவது கட்டத்தின் தலைப்பு: "பங்கேற்பாளரின் நம்பிக்கைகள்." அதில் அவள் எழுதினாள்: "மனைவியின் கை."

அடுத்தது உடற்பயிற்சி. எங்கும் போகாத சைக்கிள் ஒன்றில் ஏற்றி, பதினைந்து நிமிடம் மிதிக்கச் சொன்னார்கள். மிதித்து முடித்ததும் படம் எடுத்தார்கள். தோல் முன்பைவிடக் குளிர்ந்திருந்தது.

"மிதிச்சா சூடாகும்னுல்ல நினைச்சேன்?" என்றார் டைல்ஸ்காரர் மூச்சு வாங்க.

"பாமரர்கள் அப்படித்தான் நினைப்பாங்க," என்றார் இயக்குநர். "உழைக்கும்போது ரத்தம் தசைக்கு ஓடிடும். தோல் முதல்ல குளிரும். ஓய்வுலதான் சூடு திரும்பும்." இது உண்மைதான், அந்த நிலையத்தில் சொல்லப்பட்ட ஒரு சில உண்மைகளில் அதுவும் ஒன்று. "அதைவிட முக்கியம், கிளைகளைப் பாருங்க. காணோம்! உடற்பயிற்சி கிளைகளை அழிச்சிடுது."

மறுபடி ஆறும் அறை. பத்து நிமிட ஓய்வு. சைக்கிள் மிதித்த முட்டி இப்போது உயிரை எடுத்தது. தையலம்மா கையை வைத்தார். படம் எடுத்தார்கள். நான்கரைக் கிளை திரும்ப வந்திருந்தது.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பயிற்சியில் மறைகிறது. ஓய்வில் மீள்கிறது. இவ்வளவு ஒழுங்கான ஒரு நோயை நான் பாத்ததே இல்ல."

"அப்போ சர்டிபிகேட் சார்?"

"சர்டிபிகேட்டா? உங்களுக்கா?" இயக்குநருக்குச் சிரிப்பு வந்தது. "சர்டிபிகேட் சாதாரண நோயாளிக்கு. நீங்க சாதாரணம் இல்ல. ஆய்வு முடியிறவரை சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிட முடியாது."

அன்றே அவருக்குத் தனிக் கோப்பு திறந்தார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்கு மூலமாக இருந்தவர் என்பதால் அதன் மேல் கொட்டை எழுத்தில் "மூல நோயாளி" என்று எழுதினார்கள்.

"முட்டிக்குன்னு வந்தோம்," என்றார் தையலம்மா படி இறங்கும்போது. "மூலம்னு எழுதி அனுப்புறாங்க. அடுத்த தடவை பல்லுக்குன்னு போட்டாலும் போடுவாங்க."

வாரத்துக்கு இரண்டு முறை வரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் தொண்ணூறு படி இறங்கி, பதினொன்று ஏறி, சைக்கிள் மிதித்து, பதினொன்று இறங்கி, தொண்ணூறு ஏற வேண்டும். முட்டி வலியை நிரூபிக்கப் போய்த்தான் முட்டி உண்மையிலேயே பழுதாகிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வருகையில் இடப்பக்க நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்ததால் தையலம்மா வலப்பக்கம் உட்கார்ந்தார். அன்று கிளைகள் வலது முட்டியில் தெரிந்தன. நிலையம் இரண்டாகப் பிளந்தது. இடது பிரிவினர் இது விதிவிலக்கு என்றார்கள். வலது பிரிவினர் இதுவரை பார்த்ததுதான் விதிவிலக்கு என்றார்கள். இரு பிரிவினரும் சாப்பாட்டு அறையில் தனித்தனி மேசைக்கு மாறினார்கள். ஒன்பதாவது வருகையின்போது தையலம்மாவுக்குச் சளி, அவர் வரவில்லை. கிளையும் வரவில்லை. "நோய்க்கும் ஓய்வு தேவைப்படுகிறது" என்று அன்றைய அறிக்கை முடிந்தது.

நான்கரைக் கிளையின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, "உங்கள் முட்டியில் கிளை உண்டா?" என்ற தலைப்போடு எல்லா அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். கிளை உள்ளவர்களுக்கு மட்டுமே இனிச் சான்றிதழ் என்று புது உத்தரவு வந்தது.

ஆறும் அறையில் இருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அறுபது வருடம் கனரக வண்டியில் கிளட்ச் மிதித்த டிரைவர் ஒருவரைக் "கிளையற்றவர், வலி இன்னும் பக்குவப்படவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

"இன்னும் எப்போ பக்குவப்படும்? எனக்கு எண்பத்தி நாலு ஆகுது," என்று டிரைவர் அறையைப் பார்த்துக் கேட்டார்.

பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு கணக்கு டீச்சர், தையலம்மாவின் கை போவதையும் வருவதையும் சில வாரங்களாகவே கவனித்து வந்தவர். தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, தப்பா நினைக்கலேன்னா, உங்க முட்டியைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க."

"எதுக்கு?"

"திருப்புங்கன்னா. கணக்கு சரியா வருதான்னு பாக்கணும்."

அன்று டிரைவரின் முட்டியில் ஐந்து கிளைகள் தெரிந்தன. நான்காவது கிளையின் அடியில் ஒரு குளிர்ந்த வளையம். டீச்சரின் மோதிரம். "வளையக் குளிர்" என்று இயக்குநர் அதற்குத் தனியாகப் பெயர் வைத்தார். டிரைவருக்கு அரை மணி நேரத்தில் சான்றிதழ் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஆறும் அறையே மாறிவிட்டது. இத்தனை வருடம் யாரும் யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்து ஆறிக்கொண்டிருந்த இடம். இப்போது "ஐயா, உங்க கையைக் கொஞ்சம் கொடுங்க", "ஐயோ, உங்க கை என்ன இவ்வளவு ஜில்லுன்னு", "அப்படியே அந்தப் பக்கமும்மா, வலிக்கிறது அங்கதான்" என்று ஒரே கலகலப்பு. துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு அறையே துணை ஆனது. பலருக்கு முட்டி உண்மையிலேயே கொஞ்சம் தேவலையாகிவிட்டது. அதை யாரும் எங்கும் பதிவு செய்யவில்லை. கிளை உள்ளவர்கள் ஒவ்வொருவராகச் சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

டைல்ஸ்காரருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருந்தபோது, இயக்குநர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளைக்கு மேற்பார்வைக் குழு வருது. மேடைல உங்களைக் காட்டப்போறேன். கிளை தெரிஞ்சதும் எல்லார் முன்னாலயும் உங்க சான்றிதழ்ல கையெழுத்து."

"கிளை தெரியலேன்னா?"

"தெரியும். அது விஞ்ஞானம்."

"சார், அது என் சம்சாரம்..."

"பதினாலாவது கட்டம்," என்றார் இயக்குநர் கனிவாக.

மறுநாள் பெரிய அரங்கம் நிறைந்திருந்தது. துணைவர்களுக்கு மேடையில் இடமில்லை என்று தையலம்மாவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். டைல்ஸ்காரர் அரைக்கால் சட்டையில் மேடை நடுவே நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் கேமராப் பெண். குழுத் தலைவரும் உறுப்பினர்களும் முன்வரிசையில். எல்லார் கண்ணும் மேலே இருந்த பெரிய திரையில்.

இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு நோயாளியையும் நான் தொட்டது கிடையாது. (கைதட்டல்.) ஒருத்தர்கிட்டயும் எங்க வலிக்குதுன்னு கேட்டது கிடையாது. (பலத்த கைதட்டல்.) கேட்டா பதில் சொல்வாங்க. பதில் சொன்னா நாம குழம்பிடுவோம். இந்த ஐயாவையே எடுத்துக்கோங்க. இருபது தடவைக்கு மேல பாத்திருக்கேன். இவர் முகம் எப்படி இருக்கும்னு இப்போ திரும்பாம சொல்லச் சொன்னா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா இவர் முட்டியை ஆயிரம் முட்டியில அடையாளம் காட்டுவேன்!"

திரை ஒளிர்ந்தது. ஆயிரம் முட்டியில் அடையாளம் காட்டக்கூடிய முட்டி, அப்பழுக்கில்லாத பச்சையாகத் தெரிந்தது. கிளை எதுவும் இல்லை.

அரங்கம் காத்திருந்தது. இயக்குநரும் காத்திருந்தார். பிறகு மேடையில் குறுக்கே நடந்து வந்து, தொலைந்த ஊசியைத் தேடுகிறவர் மாதிரி, டைல்ஸ்காரரின் காலடியில் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"அம்மா!" என்றார் இயக்குநர்.

எழ முயன்றார். முடியவில்லை. பாதி தூக்கிய ஒரு முட்டி அப்படியே பூட்டிக்கொண்டுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்று முன்வரிசையிலிருந்து குழுத் தலைவர் கேட்டார்.

"வலிக்குது!"

தலைவர் தன் கையில் இருந்த கையேட்டைப் புரட்டினார். "வலி என்பது கருத்துன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? கேமராவை அவர் பக்கம் திருப்பும்மா."

கேமராப் பெண் இயக்குநரின் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, கேமராவைத் திருப்பினாள். திரையில் ஒரு பச்சை முட்டி.

"கிளை இல்லை," என்றார் தலைவர். "வலி இல்லைன்னு எழுதிக்கோங்க."

"ஐயோ, உயிர் போகுதுய்யா!"

"பதினாலாவது கட்டத்துல எழுதிக்கோங்க," என்றார் தலைவர்.

டைல்ஸ்காரர் நாற்காலியிலிருந்து மெதுவாக முன்னால் சாய்ந்தார்.

"சார்," என்றார் தாழ்ந்த குரலில். "இந்தத் தரை அப்படித்தான். மொத்தமும் நான் போட்டது. பதினோரு நாள் முட்டி போட்டேன்."

"ஏதாவது பண்ணுங்க," என்றார் இயக்குநர். முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பண்றேன். அந்தக் காகிதம் உங்க பையிலதானே இருக்கு?"

இயக்குநர் மண்டியிட்டபடியே சான்றிதழை எடுத்து, டைல்ஸ்காரரின் பச்சை முட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். டைல்ஸ்காரர் மை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கேமராப் பெண்ணுக்கு லென்ஸைத் துடைக்க வேண்டியிருந்தது. திரை இருண்டது. எல்லாரும் இருண்ட திரையையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முட்டியில் கை வைத்து அழுத்தியதைக் கடைசி வரிசை மட்டுமே பார்த்தது.

அவள் துணியை எடுத்தாள். இயக்குநரின் முட்டியில் ஐந்து தடித்த கிளைகள் செக்கச்செவேலென்று விரிந்திருந்தன.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"தாவியிருக்கு!" என்று குழுத் தலைவர் கத்தினார். "ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குத் தாவுது! இதுக்குத் தனியா ஒரு நிலையம் வேணும்!"

"மறுபடி கையை வைங்க," என்று டைல்ஸ்காரரிடம் முணுமுணுத்தார் இயக்குநர்.

வீட்டுவசதி அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் பலகை தொங்கியது; புதுப் பலகை. அலுவலகம் மூட ஒரு மணி நேரம்தான் இருந்தது. டைல்ஸ்காரர் முதல் படியில் காலை வைத்தார்.

"இறங்குங்க," என்றார் தையலம்மா. "நீங்க இங்கயே உக்காருங்க. நான் போறேன்."

"விண்ணப்பம் என் பேர்ல இருக்கேம்மா."

"இருக்கட்டும்."

மேலே மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அம்மா சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்காதது அவருக்கு வருத்தமாக இருந்தது.

"விண்ணப்பதாரர் நேர்ல வரணுமே. எங்க அவர்?"

"கீழ உக்காந்திருக்கார்."

"மேல வரச் சொல்லுங்க."

"வரச் சொல்றேன்," என்றார் தையலம்மா. "மூணு மாடி ஏறி வந்தவருக்கு முட்டிவலி எப்படின்னு அப்புறம் கேக்க மாட்டீங்களே?"

குமாஸ்தா அம்மா வாயைத் திறந்தார். கேட்க நினைத்தது அதைத்தான் என்பது முகத்தில் தெரிந்தது. போன வாரம்கூட அப்படிக் கேட்டு மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

தையலம்மா வலது கையை மேசைமேல் ஊன்றிக் காத்திருந்தார். குமாஸ்தா அம்மா அந்தக் கையைப் பார்த்தார். ஏதோ உறுத்த, தலையைத் திருப்பித் தன் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பெரிய படத்தைப் பார்த்தார். "உங்கள் முட்டியில் கிளை உண்டா?" நான்கு நீளம், நடுவில் ஒரு பாதி. மறுபடி மேசையைப் பார்த்தார். மறுபடி சுவரை.

"அம்மா..." என்றார்.

"முத்திரை," என்றார் தையலம்மா.

முத்திரை விழுந்தது.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கீழே இறங்கி வந்தபோது, டைல்ஸ்காரர் கடைசிப் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த டைல்ஸை விரல் முட்டியால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள காலியா இருக்கு. சிமென்ட்டே போடல. எவன் போட்டானோ."

"வீடு கிடைச்சிடுச்சுங்க."

அவர் தட்டுவதை நிறுத்தினார். பிறகு இடது காலை நீட்டினார்.

"கொஞ்சம் கையை வை."

"கம்பியைப் பிடிச்சு இறங்கினேன். கை ஐஸா இருக்கு."

"பரவால்ல," என்றார் டைல்ஸ்காரர். "வை."